என் பக்கத்தை மகள் படித்தாள்

மார்ச் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, என் மகள் படிக்கும் அடையாறு பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. ஏழாம் வகுப்புக்குப் போகப்போகிற பிள்ளைகளின் பெற்றோரை மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகள் என்னென்ன படித்துவிட்டு வர வேண்டும் என்று பள்ளி எதிர்பார்க்கிறது, அதுதான் பேச்சு. ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். அதில் நான்கு புத்தகங்களின் பெயர்கள். ஒவ்வொன்றையும் படித்து முடித்து, அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும். நான்கும் ஆங்கிலம்.

சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார் வகுப்பாசிரியை. ஒருவர், போனில் படித்தால் ஒத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். ஒரு அம்மா, நாங்கள் ஜூன் வரை அமெரிக்காவில் இருப்போம், எழுதியதை மெயிலில் அனுப்பலாமா என்றார். அதற்கப்புறம் நான் எழுந்தேன்.

"ஒரு சின்ன விஷயம் மேடம். நாம சென்னையில இருக்கோம். வீட்ல பேசறது தமிழ், தெருவுல பேசறது தமிழ். இந்த லிஸ்ட்ல ஒரு தமிழ்ப் புத்தகம்கூட இல்லையே. நம்ம பசங்க தமிழ்ல ஒரு கதைப் புத்தகம் படிக்காமயே வளர்ந்துட்டா, அதுக்கு யார் வெட்கப்படணும்? நாமதானே?"

முதலில் இரண்டு பேர் கை தட்டினார்கள், பிறகு எல்லோரும். எனக்குப் பேச வரும். கல்லூரியில் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறேன். மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்தில் தண்ணீர் லாரி தகராறு வந்தாலும் பொங்கல் விழா வந்தாலும் என்னைத்தான் பேசச் சொல்வார்கள். எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியும். அன்றைக்கும் 'நாமதானே' என்பதற்கு முன்னால் ஒரு நொடி நிறுத்தினேன்.

கூட்டம் முடிந்து படி இறங்கும்போது தமிழாசிரியை பின்னாலேயே வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை. நாங்கள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தோம், எங்கள் பேச்சை எடுத்துக்கொள்ளவில்லை, ஒரு பேரண்ட் எழுந்து சொன்னதும் பிரின்சிபால் உடனே தலையாட்டிவிட்டார், ரொம்ப நன்றி என்றார். இதெல்லாம் நம் கடமை என்று நான் சொன்னேன். அந்த வார்த்தையைத்தான் சொன்னேன், கடமை என்று.

எனக்குத் தமிழ் படிக்க வராது.

கொஞ்சம் விளக்க வேண்டும். எழுத்துகள் தெரியும். பஸ் போர்டு படிப்பேன், தி. நகர் கடைப் பெயர்களைப் படிப்பேன், சுவரொட்டியில் இருக்கிற நாலு வார்த்தையைப் படிப்பேன். ஒரு பத்தி என்று வந்தால் திணறிப் போவேன். மயிலாப்பூரில் பிறந்து, மயிலாப்பூரிலேயே பள்ளிக்கூடம் போனவன் நான். மார்க் வரும் என்று அப்பா என்னைச் சம்ஸ்கிருதத்தில் சேர்த்தார். பிளஸ் ஒன்னில் இன்னும் மார்க் வரும் என்று பிரெஞ்சு. இரண்டிலும் நூற்றுக்குக் கிட்டத்தட்ட நூறு வாங்கினேன், இன்றைக்கு இரண்டிலும் ஒரு வாக்கியம் சேர்ந்தாற்போல் சொல்லத் தெரியாது. தமிழ் ஆத்தில் பேசுகிற பாஷை, அதற்கு எதற்கு வகுப்பு என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லோருடைய எண்ணமும். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு பெங்களூரில் வேலை, பிறகு தரமணியில் வேலை. தமிழில் எதையும் படித்தே தீர வேண்டிய கட்டாயம் நாற்பத்து நான்கு வயதுவரை எனக்கு வரவில்லை. கல்யாணப் பத்திரிகையின் இன்னொரு பக்கத்தில் ஆங்கிலம் இருக்கும். வாட்ஸப்பில் எனக்கு வருகிற தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் வரும்.

இது தெரிந்தவள் என் மனைவி ஒருத்திதான். அவள் ஸ்ரீரங்கத்தில் படித்தவள், நன்றாகப் படிப்பாள். மகளுடைய தமிழ்ப் பாடம் முழுவதும் அவள் பொறுப்பு. கணக்கும் விஞ்ஞானமும் என்னுடையது. அதனால் மகளுக்கு இந்த விஷயம் தெரிய வாய்ப்பே வரவில்லை. மனைவி வங்கியில் இருக்கிறாள். அந்த வருஷம் அவளைத் திருச்சிக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை வந்து ஞாயிறு இரவு வண்டியில் திரும்புவாள். அந்தக் கோடை முழுக்க வீட்டில் நானும் மகளும்தான்.

ஏப்ரலில் பள்ளியிலிருந்து செய்தி வந்தது. பெற்றோரின் விருப்பத்துக்கு இணங்க ஒரு தமிழ்க் கதைப் புத்தகமும் சேர்க்கப்படுகிறது. எந்தப் புத்தகம் என்பது பிள்ளையின் விருப்பம். ஆனால் அதைத் தனியாகப் படிக்கக் கூடாது. வீட்டுப் பெரியவர் ஒருவரும் பிள்ளையும் மாறி மாறி உரக்கப் படிக்க வேண்டும். பள்ளி திறந்த பிறகு ஒரு சனிக்கிழமை மண்டபத்தில் எல்லோரும் கூடுவோம், ஒவ்வொரு ஜோடியும் பிடித்த இரண்டு பக்கத்தைப் படிக்கலாம், பிள்ளை ஒரு பக்கம், பெரியவர் ஒரு பக்கம். செய்தி ஆங்கிலத்தில் இருந்ததால் எனக்கு நன்றாகவே புரிந்தது.

மனைவியிடம் போனில் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர் என்ன என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது. அப்புறம் கேட்டாள்: "உன்னை யார் எழுந்து பேசச் சொன்னா?" நீ லீவு போட்டு வந்து படித்துவிடு என்றேன். ஜூனில் ஆடிட், முடியாது, ஸ்கூலில் போய் உள்ளதைச் சொல்லிவிடு என்றாள். கை தட்டல் வாங்கின இடத்தில் போய் எப்படிச் சொல்வது? பார்த்துக்கொள்ளலாம் என்று போனை வைத்தேன்.

மே முதல் வாரம் பாண்டி பஜாருக்கு ஷூ வாங்கப் போனபோது புத்தகமும் வாங்கினோம். கடையில் நான் பெரிய எழுத்தும் நிறையப் படமும் உள்ளதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். மகள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது ஒண்ணாம் கிளாஸ் புக்குப்பா என்று திருப்பி வைத்துவிட்டு வேறு ஒன்றை எடுத்துக்கொண்டாள். விடாமல் பெய்யும் மழையில் ஒரு சின்ன ஊரில் மாட்டிக்கொண்ட சர்க்கஸ் கம்பெனியின் கதை. எழுத்து பொடியாக இருந்தது. ஒரு பக்கத்தில்கூடப் படம் இல்லை.

அன்று மாலையே தொடங்கினோம். மகள் மொட்டை மாடியில் படிக்கலாம் என்றாள். ஐந்தரைக்கு மேல் கடல் காற்று வரும், வெயிலும் தணிந்திருக்கும். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அவள் இரண்டு பக்கம் படித்துவிட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். நீ நன்னா படிக்கறே, நீயே படி, நான் கேட்கிறேன் என்றேன். மறுநாள் கண் எரிகிறது என்றேன். அதற்கு மறுநாள் புத்தகம் கைக்கு வரும் நேரம் பார்த்து ஆபீஸ் போன் வந்ததுபோல் எழுந்து போய், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று யாருமில்லாத போனில் பேசினேன். திரும்பி வந்தபோது அவள் புத்தகத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டு காத்திருந்தாள். "மாறி மாறிப் படிக்கணும்பா. மிஸ் சொல்லியிருக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நினைவுபடுத்துகிற மாதிரி சொன்னாள்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். பக்கத்தைப் படம் எடுத்தால் உரக்கப் படித்துக் காட்டும் வசதி என் போனில் இருந்தது. அவள் குளிக்கும்போது அடுத்து வரப்போகிற பக்கங்களைப் படம் பிடித்துக்கொள்வேன். மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் தரமணிவரை இயர்போனில் அதையே திரும்பத் திரும்பக் கேட்பேன். மதியச் சாப்பாட்டு வேளையில் இன்னொரு தடவை. சாயங்காலம் மாடியில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பேன். வரியில் கண் ஓடுகிற மாதிரி தலையை லேசாக அசைப்பேன். குரல் ஏற்ற இறக்கம்தான் எனக்குக் கைவந்ததாயிற்றே. சர்க்கஸ் முதலாளிக்கு ஒரு குரல், கோமாளிக்கு ஒரு குரல். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா படிப்பதைவிட நீ படிக்கிறது நன்னா இருக்கு என்றாள். அதைக் கேட்டு எனக்குக் கூச்சம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு வாரம் போயிருக்கும். ஒரு நாள் மாடி ஏறியதும் அவள், மத்தியானம் போரடித்தது, உன்னுடைய பக்கத்தையும் சேர்த்து நானே படித்துவிட்டேன், இன்றைக்கு அடுத்த அத்தியாயத்தை நீ ஆரம்பி என்று புத்தகத்தைக் கொடுத்தாள். அந்த அத்தியாயத்தை நான் கேட்டிருக்கவில்லை. போன் கீழே சார்ஜில் இருந்தது. அந்த நேரத்தில் எந்தச் சாக்கும் வாயில் வரவில்லை. படிக்க ஆரம்பித்தேன்.

முதல் வாக்கியத்திலேயே கொட்டகை என்ற வார்த்தை. முன்னால் இருக்கிற கொம்பைப் பார்த்துவிட்டுப் பின்னால் இருக்கிற துணைக்காலைப் பார்க்காமல் 'கெட்டகை' என்றேன். அவள் சிரித்தாள், நான் கோமாளிக்காக ஏதோ செய்கிறேன் என்று நினைத்திருப்பாள். அடுத்து ஒரு நீள வார்த்தை, 'நனைந்துகொண்டிருந்தவற்றையெல்லாம்' என்கிற மாதிரி. எங்கே பிரிப்பது என்று தெரியாமல் எழுத்து எழுத்தாகப் போய் நடுவில் நின்று, மறுபடி முதலிலிருந்து வந்தேன்.

"அப்பா, விளையாடாதே. ஒழுங்கா படி" என்றாள், இன்னும் சிரித்துக்கொண்டேதான்.

ஒழுங்காகத்தான் படித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு வரி போனேன். அதை முடிப்பதற்குள் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரலை வைத்து நகர்த்திக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அவள் எதுவும் கேட்கவில்லை. கையை நீட்டினாள், புத்தகத்தைக் கொடுத்தேன். விட்ட இடத்திலிருந்து அவளே படித்தாள். அன்றைக்கும் அதற்கப்புறம் வந்த நாள்களிலும் புத்தகம் என்னிடம் வரவே இல்லை. மாறி மாறி என்ற பேச்சையும் அவள் எடுக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண், வீட்டில் எல்லாவற்றுக்கும் ஏன் எப்படி என்று துளைப்பவள், இந்த ஒன்றை மட்டும் தொடாமல் சுற்றிக்கொண்டு போனாள். கேட்டிருந்தால் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் கேட்காமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் பயிற்சி செய்ய ஆரம்பித்தேன். மயிலாப்பூரில் பழைய பாடப்புத்தகம் விற்கிற நடைபாதைக் கடையில் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்று வாங்கி லேப்டாப் பையில் வைத்துக்கொண்டேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் எடுப்பேன். அட்டையில் பெரிதாக 3 என்று போட்டிருக்கும். அதைத் தொடையோடு சேர்த்து மறைத்துப் பிடித்துக்கொள்வேன். ஒரு நாள் என் குழுவில் வேலை செய்யும் பையன் அதே பெட்டியில் ஏறிவிட்டான். புத்தகத்தைப் பார்த்து என்ன சார் என்றான். பொண்ணுக்கு வாங்கினேன் என்றேன். பொண்ணு ஏழாவது இல்லையா என்றான். பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு என்று மாற்றினேன். அன்றோடு ரயிலில் எடுப்பதை நிறுத்திவிட்டேன். அதன் பிறகு வீட்டில் குளியலறையில்தான்.

பள்ளி திறந்தது. மண்டபத்தில் படிக்கிற சனிக்கிழமைக்கு ஒரு வாரம் முன்னால் மகள் புத்தகத்தில் இரண்டு இடத்தில் தாள் செருகிக்கொண்டு வந்தாள். ஒன்று அவளுடையது. இன்னொன்றைக் காட்டி, "இது உன்னோடது" என்றாள். பார்த்தேன். பாதிப் பக்கம் பேச்சு, சின்னச் சின்ன வாக்கியங்கள், நீள வார்த்தை ஒன்றுகூட இல்லை. புத்தகம் முழுக்கத் தேடி எடுத்திருக்கிறாள். சரி என்று வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை, சொன்னால் விஷயத்தைப் பேசியாக வேண்டும்.

அந்தப் பக்கத்தை அந்த வாரம் முழுக்கக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் படித்தேன். மனப்பாடம் செய்யவில்லை. செய்வதில்லை என்று ஒரு வைராக்கியம். எழுத்தைப் பார்த்துத்தான் படிப்பது என்று வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைக்குள் நிற்காமல் போக முடிந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. சனிக்கிழமை காலை கிளம்பும்போது மகள், அம்மா திருச்சியிலிருந்து இப்போது புறப்பட்டால்கூட வர முடியாதா என்று கேட்டாள். அம்மாவுக்கு இன்றைக்கும் ஆபீஸ் என்றேன். சரி என்று ஷூவை மாட்டிக்கொண்டாள். ஸ்கூட்டரில் கிளம்பினோம்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். மேடையில் மைக். முதலில் ஒரு பையனும் அவன் அம்மாவும், அடுத்து ஒரு பெண்ணும் அவள் சித்தப்பாவும். சில பெரியவர்கள் செய்தி வாசிப்பவர் மாதிரி படித்தார்கள். ஓர் அப்பா இரண்டு இடத்தில் தடுக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே மேலே போனார், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. எங்கள் முறை வந்ததும் எழுந்தேன். மகள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறி மைக்கைப் பிடித்தாள்.

"எங்கப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு மிஸ். டாக்டர் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்கார். அவரோட பக்கத்தையும் நானே படிச்சுடறேன்."

நான் மேடைப் படியில் ஒரு கால் வைத்திருந்தேன். இல்லை, நான் படிக்கிறேன் என்று சொல்ல நேரம் இருந்தது. புத்தகத்தில் அந்தப் பக்கம் எனக்குத் தெரியும். தமிழாசிரியை என் பக்கம் திரும்பி, அப்படியா என்பது போல் பார்த்தார். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினேன்.

மகள் இரண்டு பக்கத்தையும் படித்தாள். தடங்கல் இல்லாமல், நிதானமாகப் படித்தாள். என் பக்கத்தில் கோமாளி பேசுகிற இடத்தில் நான் மாடியில் போட்டுக் காட்டிய குரலைப் போட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவளுக்கு ஓரடி பின்னால் கை கட்டிக்கொண்டு நின்றேன்.

இறங்கி வந்ததும் தமிழாசிரியை தன் துணிப்பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து, மூடியில் வெந்நீர் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். மிளகு தட்டிப் போட்டது, டீச்சர் தொண்டைக்கு எப்போதும் கையில் வைத்திருப்பேன் என்றார். வாங்கிக் குடித்தேன், நாக்கு பொத்துவிட்டது. கடைசியில் அவர் மைக்கில் பேசும்போது, இந்த வருஷம் தமிழ்ப் புத்தகம் சேர்ந்ததற்குக் காரணமே ஒரு பெற்றோர்தான், அவர் இங்கே இருக்கிறார் என்று என்னைக் காட்டினார். பாவம், அவரால் பேச முடியாது, கையை மட்டும் தூக்குங்கள் சார் என்றார். தூக்கினேன். கை தட்டினார்கள். மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். தட்டி முடிக்கிறவரை நிமிரவில்லை.

திரும்பும் வழியில் சாஸ்திரி நகர் பக்கம் ஒரு ஜூஸ் கடையில் வண்டியை நிறுத்தினேன். அவளுக்குச் சாத்துக்குடி சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் உன்னைப் பாத்துச் சிரிப்பா. அதான்."

"நான் ஒரு வாரமா பழகிண்டு வந்தேன்மா."

"தெரியும். பாத்ரூம்ல நீ படிச்சதெல்லாம் வெளில கேட்டுது." ஒரு வாய் குடித்தாள். "கேட்டதாலதான்பா."

அவ்வளவு மோசமாகவா இருந்தது என்று கேட்டேன். ம் என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, முன்னைக்கு இப்ப பரவாயில்லை என்று சேர்த்துக்கொண்டாள். போன வருஷம் நான் அவளுக்குப் பின்னப் பெருக்கல் சொல்லிக்கொடுத்துவிட்டு இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன், இதே குரலில்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மாலையில் வந்து, பொய் சொன்னதற்கு ஸ்கூலில் டிசி கொடுப்பார்களா என்று கேட்டாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு முழுதாக உறைத்தது. மேடையில் அவள் என்னைக் காப்பாற்றியதாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காகச் சொன்ன பொய்யை நினைத்துப் பயந்துகொண்டு ஒரு நாள் முழுக்க அவள் தனியாக இருந்திருக்கிறாள். பொய்யை அவள் தொடங்கவும் இல்லை. யாருமில்லாத போனில் நான் பேசியதிலிருந்து எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தப்பு என்னுடையது, நாளைக்கே மிஸ்ஸிடம் நான் சொல்கிறேன் என்றேன். "நிஜமாவா?" என்றாள். நம்பவில்லை என்று தெரிந்தது.

திங்கட்கிழமை ஆபீஸுக்குத் தாமதமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். தமிழாசிரியை ஆசிரியர்கள் ஓய்வறை வாசலிலேயே நின்று கேட்டார். எனக்குத் தொண்டைக்கு ஒன்றுமில்லை, தமிழ் படிக்க வராது, குழந்தை எனக்காகச் சொல்லிவிட்டாள், நானும் தலையாட்டிவிட்டேன், அவளை ஒன்றும் சொல்லாதீர்கள் என்று சொல்லி முடித்தேன். நன்றாகப் பேசுகிறவன் என்று பெயர் வாங்கியவன், இந்த நாலு வரியைக் கோவையாகச் சொல்ல முடியாமல் முன்னும் பின்னுமாகச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தொண்டைக்கு ஒண்ணும் இல்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் சார். வெந்நீர் வாங்கிக்கும்போது கணீர்னு தேங்க்ஸ் சொன்னீங்களே."

எனக்கு அது நினைவே இல்லை. அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் இன்றைக்கும் நினைத்தால் தலை குனிய வைக்கிறது. ஏப்ரலில் அந்தச் செய்தி போன மறுநாளே பெற்றோர் சிலர் அவருக்குப் போன் செய்திருக்கிறார்கள். ஒருவர் மலையாளி, ஒருவர் மார்வாடி, இன்னும் சிலர் என்னைப் போல வேறு பாஷை எடுத்துப் படித்தவர்கள். எங்களுக்குப் படிக்க வராது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். "பசங்க படிக்கட்டும், நீங்க கேளுங்க, போதும்னு சொல்லிட்டேன். அவங்கள்லாம் சனிக்கிழமை வந்து கூடவே நின்னாங்களே, நீங்க பாக்கலையா?" என்றார். பார்த்திருக்கிறேன். சில பிள்ளைகள் தனியாகப் படித்தார்கள், பெரியவர் பக்கத்தில் நின்றார். நான் என் முறையைப் பற்றிய நினைப்பிலேயே இருந்ததால் அது என்ன என்று யோசிக்கவில்லை. ஒரு போன் செய்திருந்தால் தீர்ந்திருக்கும் காரியம்.

மகளை அவர் கூப்பிட்டு எதுவும் கேட்கவில்லை. நான் சொன்னேன் என்பதை மட்டும் தெரிவித்திருக்கிறார். அன்று மாலை அவள் தட்டில் போட்டதை எல்லாம் சாப்பிட்டாள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆகஸ்டில் ஒரு நாள் அவளுடைய தோழி ஒருத்தி பிராஜெக்ட் செய்ய வீட்டுக்கு வந்திருந்தாள். நல்ல பெண். வந்ததும், அங்கிள், உங்க தொண்டை சரியாயிடுச்சா என்று கேட்டாள். இனிமேல் பொய் வேண்டாம் என்று நான் தீர்மானம் செய்திருந்த காலம். தொண்டைக்கு ஒண்ணும் இல்லமா, எனக்குத் தமிழ் படிக்க வராது, அதனாலதான் அன்னிக்குப் படிக்கல என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். சொன்னதும் மனசு லேசானது. அந்தப் பெண் ஓ என்றாள். என் மகள் குனிந்து சார்ட் பேப்பரில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கோடு கோணலாகப் போவதைப் பார்த்தேன்.

தோழி போன பிறகு வந்து நின்றாள். கண்ணில் தண்ணீர்.

"மிஸ்கிட்ட சொன்னே, சரி. இவகிட்ட ஏன் சொன்னே? இப்ப கிளாஸ் பூரா தெரியும். நான் பொய் சொன்னேன்னும் தெரியும்."

உண்மையைத்தானே சொன்னேன் என்று தொடங்கினேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். என் வெட்கம் குறைய வேண்டும் என்பதற்காக அவளைக் கேட்காமல் அவளுடைய விஷயத்தையும் சேர்த்து எடுத்துப் போட்டிருக்கிறேன். அது எனக்குத் தோன்றவே இல்லை. மன்னித்துவிடு என்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் பள்ளிக்குக் கொண்டுவிடும்போது என்னோடு பேசவில்லை. வகுப்பில் சிலர் கெக்கலித்திருக்கிறார்கள். ஒரு பையன் தொண்டையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினானாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை, போனில் அம்மாவிடம் சொல்லி, அம்மா எனக்குச் சொன்னாள். அந்த முறை மனைவி சிரிக்கவில்லை.

பிறகு அது ஓய்ந்தது. பள்ளியில் எல்லாம் சீக்கிரம் ஓய்ந்துவிடும். இப்போது வாரத்தில் இரண்டு மூன்று நாள், அவளுக்கு வீட்டுப்பாடம் இல்லாதபோது, அரை மணி நேரம் நான் படிக்கிறேன், அவள் திருத்துகிறாள். பொறுமை குறைவு. ஒரே தப்பை மூன்றாம் தடவை செய்தால் அப்பா, ப்ளீஸ் என்பாள். வேகம் வரவில்லை, விரல் இன்னும் எழுத்துக்குக் கீழேதான் போகிறது. சில நாள் அவள் நடுவில் எழுந்து இறகுப்பந்து ஆடப் போய்விடுவாள், நான் மட்டும் மாடியில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை முடித்துவிட்டு வருவேன்.

இதை எழுதலாமா என்று அவளிடம் முதலில் கேட்டேன். ஸ்கூல் பேரும் என் பேரும் போடாதே என்றாள். போடவில்லை. ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாறும் வசதியை வைத்துத்தான் எழுதினேன். அதில் இருந்த ஒற்றுப்பிழைகளையும் ற, ர குழப்பங்களையும் மனைவி திருத்தினாள், ஏராளமாகத் திருத்தினாள். மகள் இன்னும் படிக்கவில்லை. பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்க்கிறேன் என்றிருக்கிறாள்.